அணுகுண்டும் பாட்டும்: டிலனுக்கு முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா?

ஆகஸ்ட் 3, மாலை 6.15: ஒரு வாசகர்

அணுகுண்டைப் பற்றி முதலில் வாய் திறந்த பாடகர் பாப் டிலன்தான். 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அந்தப் பயத்தில் ‘ஹார்ட் ரெய்ன்’ எழுதினார். அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளும் பாட்டுலகம் காதல், நிலா என்றே காலம் தள்ளியது. மறுப்பவர்கள் சான்றோடு வரவும்.

ஆகஸ்ட் 3, இரவு 9.50: நான்

சான்றோடுதான் வருகிறேன். முதலில் உங்கள் நாட்காட்டி. டிலன் அந்தப் பாட்டை நியூயார்க் கார்னகி அரங்கில் பாடியது 1962 செப்டம்பர் 22. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதாக அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தது அக்டோபர் 22. பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துத் தகப்பனுக்குக் கல்யாணம் நடந்த கதையாக இருக்கிறது. இந்தக் கதை பரவியதில் அவருடைய இசைத்தட்டு உறையில் அச்சான குறிப்புக்கும் பங்கு உண்டு என்பதால் உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

பதினேழு ஆண்டு மௌனம் என்றீர்களே, அதுதான் தாங்கவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த மறுநாளே அமெரிக்காவில் ஒருவர் பாட்டு எழுதிவிட்டார். என்னிடம் உள்ள சான்று பரணில் இருக்கிறது. இந்த நேரத்தில் ஏணி போட்டால் வீட்டில் கேள்வி வரும். நாளை.

ஆகஸ்ட் 4, காலை 7.30

இறக்கிவிட்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். தாய்மாமா சிங்கப்பூர் துறைமுகத்தில் கணக்கெழுதினார். ரஜூலா கப்பலில் வந்து இறங்கினால் பெட்டியில் கோடாலித் தைலமும் நைலான் சேலையும் இருக்கும். 1966 வாக்கில் ஒரு முறை இவற்றோடு பில் ஹேலி பாடிய ஒரு பழைய அமெரிக்க இசைத்தட்டும் வந்தது. கறுப்பு லேபிள், வெள்ளி எழுத்து, டெக்கா கம்பெனி, நிமிடத்துக்கு 45 சுற்று. நடு ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. எங்கள் பிளேயரின் குச்சியில் நிற்கவில்லை. மாமா மரப்பட்டறையில் சொல்லி, ஓட்டைக்குள் செருக ஒரு வட்டக்கட்டை கடைந்து வாங்கிவந்தார். கட்டையின் துளை நட்டநடுவில் விழவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் பில் ஹேலி எப்போதும் லேசாகத் தள்ளாடிக்கொண்டேதான் பாடினார். பல வருடம் கழித்து வேறோர் இடத்தில் அந்தப் பாட்டை நேராகக் கேட்டபோது எனக்கு அது தப்பாகப் பட்டது.

ஒரு பக்கம் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’. போட்டுப் போட்டு அந்தப் பக்கம் சாம்பல் பூத்துவிட்டது. மறுபக்கம் இன்றும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது. நாங்கள்தான் அதை மறுபக்கம் என்றோம். 1954இல் கம்பெனி முதல் பக்கமாக வைத்தது அதைத்தான்: ‘தர்ட்டீன் விமன்’. கனவில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கிறது. ஊரில் மிஞ்சியவர்கள் பதின்மூன்று பெண்கள், ஒரே ஆண். அந்த ஆண் தனக்கு அடித்த யோகத்தை வரிசையாகச் சொல்லிப் பாடுகிறான்.

ஒலிப்பதிவு நாளில் நேரத்தின் பெரும்பகுதியை இந்தப் பாட்டே தின்றுவிட்டது. மிஞ்சிய கொஞ்ச நேரத்தில், இரண்டே முறை பாடி முடித்ததுதான் பிறகு உலகமே ஆடிய பாட்டு. அடுத்த ஆண்டு ஒரு திரைப்படத்தில் அது ஒலித்த பிறகு முதல் பக்கத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ராக் அண்ட் ரோல் ஒரு குண்டுப் பாட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆகஸ்ட் 4, பிற்பகல் 2.05

“ஒரு தட்டை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள்” என்கிறார் கோவை நண்பர். சரி, இன்னும் பின்னால் போவோம்.

1945 ஆகஸ்டில் குண்டு விழுந்த செய்தி வெளியான சில மணி நேரத்தில் வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்தின் மதுக்கூடத்தில் ‘அட்டாமிக் காக்டெயில்’ என்று ஒரு பானம் ஊற்றத் தொடங்கினார்கள். ஜின்னும் பெர்னோவும் கலந்தது, பச்சைச் சாயல். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்லிம் கெய்லார்ட் என்ற ஜாஸ் கலைஞர் அதே பெயரில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஒரு மிடறு குடித்தால் இரண்டாவது தேவைப்படாது என்பது அதன் சாரம். தட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? அட்டாமிக் ரெக்கார்ட்ஸ். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று பிகினி தீவில் சோதனைக் குண்டு வெடித்தது. நான்கு நாளில் பாரிசில் அந்தப் பெயரை நீச்சலுடைக்கு வைத்துவிட்டார்கள். சாம்பல் ஆறும் முன் வியாபாரம் உட்கார்ந்துவிட்டது.

யுரேனியம் தேடி ஜீப்பில் கிளம்பியவர்களைக் கேலி செய்து 1955இல் எல்ட்டன் பிரிட் பாடியதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

ஆகஸ்ட் 5, இரவு 11.20

அட்டாமிக் காக்டெயில் பற்றி எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வருவது பாட்டு அல்ல.

2011இல் என் மனைவிக்குத் தைராய்டு சுரப்பியை அகற்றினார்கள். பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் இதற்கும் அட்டாமிக் காக்டெயில் என்றே பேச்சுவழக்குப் பெயர் இருந்தது. ஈயப் பாத்திரத்துக்குள் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி, அதில் ஒரு உறிஞ்சுகுழல். கொடுத்தவர் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். தண்ணீரைப் போலத்தான் இருந்தது, ருசியே இல்லை என்றாள். அதன்பின் தனி அறை. தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். நான் அதைத் தாண்டக் கூடாது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டாயா என்று சத்தமாகக் கேட்டேன். மூன்றாம் நாள் ஒருவர் கையில் அளவுக் கருவியோடு வந்தார். தூரத்தில் டிக், டிக். கட்டிலை நெருங்க நெருங்க டிக்டிக்டிக் என்று பெருகியது. “என்ன, நான் பாடுகிறேனா?” என்று கேட்டாள் அவள்.

இந்த இணைய விவாத இழைக்கு இது சம்பந்தமில்லாதது என்றால் மட்டுறுத்துநர் நீக்கிவிடட்டும்.

ஆகஸ்ட் 6, காலை 8.15

நீக்கவில்லை. நன்றி.

இன்று தேதி ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள். ஒரு கருத்தை முன்வைக்கிறேன், உடைத்துப் பாருங்கள். குண்டுக்குத் தூரத்தில் இருந்தவர்கள் அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடினார்கள், சிரித்தார்கள், விற்றார்கள். குண்டு பட்டவர்கள் அதன் பெயரைச் சொல்லாமல் பாடினார்கள்.

ஒரு காலத்தில் வேலை நிமித்தமாக ஜப்பானிய மொழி படித்தேன். ஆசிரியை ஒருநாள் பாடம் நடத்தாமல் ஒரு பழைய பாட்டை ஒலிக்கவிட்டார். 1949இல் வந்த ‘நாகசாகி நோ கனே’, நாகசாகியின் மணி. பாடியவர் ஃபுஜியாமா இசிரோ. நிர்மலமான நீலவானத்தைப் பார்த்துத் துக்கப்படுவதில் தொடங்குகிறது. மனைவி விண்ணுலகம் போய்விட்டாள், அவளுடைய ஜெபமாலை மிஞ்சியிருக்கிறது, மணி ஒலிக்கிறது. அகராதியோடு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் எழுதினேன். எழுதி முடித்தும் அது குண்டைப் பற்றிய பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியை இழந்தவன் பாட்டு என்றே நினைத்தேன். ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது.

அந்த மனிதர் நாகாய் தகாஷி. நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியக்க மருத்துவர். எக்ஸ்ரே அறையிலேயே உழன்றவர். குண்டு விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே ரத்தப் புற்றுநோய் என்று அறிந்திருந்தார். வீடு இருந்த இடத்துக்குப் போனபோது மனைவியின் எலும்புகள் கிடந்தன, பக்கத்தில் ஜெபமாலை. உரகாமி தேவாலயத்தின் மணியை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்து அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அடித்தார்கள். இவ்வளவும் அவர் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. பாட்டு அதன் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. மைனரில் சோகமாகவே போகிறது. ஆறுதல் சொல்லும் அடி வரும்போது மேஜருக்கு மாறுகிறது. சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். வகுப்பில் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, பொருள் தெரியாமலே.

ஆகஸ்ட் 6, இரவு 10.00

பினாங்கு நண்பர் என் கருத்தைப் பன்னிரண்டு மணி நேரத்தில் உடைத்துவிட்டார். “பட்டவர்கள் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்ல விட்டார்களா?” என்று கேட்கிறார்.

நியாயம். 1945 செப்டம்பரிலிருந்து ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படையின் தணிக்கை இருந்தது. நாகாயின் புத்தகம் 1946இல் எழுதப்பட்டது, வெளிவந்தது 1949 ஜனவரியில். அதுவும் சும்மா விடவில்லை. மணிலாவில் ஜப்பானியப் படை செய்த கொலைகளைப் பற்றிய ஒரு பகுதியைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால்தான் அச்சிடலாம் என்றார்கள். அந்தச் சூழலில் எழுதிய பாட்டில் குண்டு என்ற சொல் இல்லாததை நான் அழகு, அடக்கம் என்று காலையில் உருகிக்கொண்டிருந்தேன். வாயில் கைவைத்துப் பொத்தியிருப்பதைப் பார்த்து “எவ்வளவு அமைதியான முகம்” என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது.

ஆனாலும் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஆகஸ்ட் 7, காலை 6.40

இன்னொரு ஓட்டையை நானே காட்டிவிடுகிறேன். தூரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்றேன். பாதிதான் உண்மை. ஆகஸ்ட் 3 அன்று சொன்ன அந்த மறுநாள் பாட்டு ஃபிரெட் கெர்பி எழுதிய ‘அட்டாமிக் பவர்’. வட கரோலினா வானொலிப் பாடகர். 1946இல் புகானன் சகோதரர்கள் பதிவு செய்து நன்றாக விற்றது. அதில் சிரிப்பே கிடையாது. வானத்திலிருந்து கந்தகத் தீ விழுகிறது, இந்தச் சக்தி கடவுள் கையிலிருந்து வந்தது என்று நடுங்கும் பாட்டு. 1952இல் லூவின் சகோதரர்கள் பாடியது இன்னும் மேலே போகிறது: தீ பொழியும் நாளில் நீ தயாராக இருப்பாயா என்று ஒவ்வொருவரையும் விரல் நீட்டிக் கேட்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊழிக்காலம் பற்றிப் பேசும் பெரியவரின் குரல், கூடவே மாண்டலின்.

விசித்திரமானது 1949இல் வந்தது. பெயரே “ஏசு அணுகுண்டைப் போல் தாக்குவார்”. எல்லாரும் குண்டுக்குப் பயப்படுகிறீர்கள், ஆண்டவர் வரும் நாளுக்கு யார் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறது. அடுத்த ஆண்டு பில்கிரிம் டிராவலர்ஸ் என்ற கறுப்பின நற்செய்திக் குழுவும் பாடியது. முதலில் பதிவு செய்த லோவெல் பிளான்சர்ட், டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகர வானொலியில் வேலை செய்தவர். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஓக் ரிட்ஜ். ஹிரோஷிமாக் குண்டின் யுரேனியத்தைச் செறிவூட்டிய இடம். அங்கே வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் செய்வது என்னவென்றே தெரியாது, 1945 ஆகஸ்டில் வானொலியில் கேட்கும்வரை.

பக்கத்து வீட்டில் செய்திருக்கிறார்கள். இதைத் தூரம் என்பதா, கிட்டே என்பதா?

ஆகஸ்ட் 7, காலை 11.10

“ஔவையார் அப்போதே அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டிவிட்டார், மேலைநாட்டார் இப்போதுதான்…” என்று எழுதியவருக்கு: ஔவை துளைத்தது குறளைப் புகழ. இடைக்காடர் அதையே கடுகை வைத்துச் சொன்னார். கடுகை வைத்து மின்சாரம் எடுத்தார்கள் என்று இதுவரை யாரும் கிளம்பவில்லை. எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவும்.

ஆகஸ்ட் 7, காலை 11.25

சாம்பாரில் தாளித்ததும் வெடிக்கிறதே என்று பதில் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 10, இரவு 8.30

மூன்று நாள் வெளியூர். வந்து பார்த்தால் இழை எங்கோ போய்விட்டது. கூடங்குளம் பற்றிய சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதில் கருத்து உண்டு, இங்கே சொல்ல மாட்டேன்.

உருப்படியான கேள்வி ஒன்று வந்திருக்கிறது: “வாண்டா ஜாக்சன் பாட்டை ஏன் விட்டீர்கள்?” வேண்டுமென்றேதான் விட்டேன். என் கருத்துக்கு அது பொருந்தவில்லை.

‘ஃபுஜியாமா மாமா’ பாட்டை அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சன் 1957இல் பதிவு செய்தார். நான் நாகசாகி போனேன், ஹிரோஷிமாவும் போனேன், அவற்றுக்குச் செய்ததை உனக்கும் செய்வேன் என்று காதலனை மிரட்டுகிறாள் ஒரு பெண். தமிழில் சொல்லிப் பார்த்தால் நாக்கு கூசுகிறது. அமெரிக்காவில் பெரிதாக ஓடவில்லை. ஓடியது ஜப்பானில். 1958இல் அங்கே பெரும் வெற்றி. மறுவருடம் அவரை அழைத்து ஊர் ஊராகப் பாட வைத்தார்கள்.

என் ஆசிரியையிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய அம்மா வீட்டில் இந்தத் தட்டு இருந்ததாம். “வரிகளை யார் கேட்டார்கள்? ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள், ஃபுஜி மலை பெயரும் வருகிறது, எங்களுக்கு அது போதும்” என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, “எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாயா?” என்றும் கேட்டார். அன்றைக்கு அவர் குரலில் கோபம் இருந்தது. நான்தான் பாடத்துக்குத் திரும்பலாம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 11, மாலை 5.45

தணிக்கை ஜப்பானில் மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் செய்தியாளர் வெர்ன் பார்ட்லோ 1945இல் எழுதிய ‘ஓல்ட் மேன் ஆட்டம்’ (அணுக் கிழவர்) பேசுவதுபோல் பாடும் ப்ளூஸ். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற அமெரிக்கப் பிரகடனத்தில் ஒரே சொல்லை மாற்றி, எல்லாரும் சமமாக எரிக்கப்படலாம் என்பார். சுடுகாட்டுச் சமரசம் நமக்குப் பழையது. அவர்களுக்கு அது அரசியல் ஆகிவிட்டது. 1950இல் சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் என்ற புகழ்பெற்ற கௌபாய்க் குழு பாடியதைக் கம்யூனிசப் பிரசாரம் என்று சிலர் எதிர்க்க, ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது.

குண்டைக் காக்டெயில் என்று பாடலாம், ஏசு என்று பாடலாம். வேண்டாம் என்று பாடினால் தட்டு திரும்பிவிடும். என் ஆகஸ்ட் 6 கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, அதிகாலை 4.50

ஒரே ஆண்டு: 1954. தூக்கம் வராமல் தேதிகளை வரிசைப்படுத்தினேன்.

மார்ச் 1 அன்று பிகினியில் 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டு. ஹிரோஷிமாவைப்போல் ஆயிரம் மடங்கு. தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பில் ஹேலி பதின்மூன்று பெண்கள் பாட்டைப் பதிவு செய்தார். அதே ஏப்ரல் 12 அன்று வாஷிங்டனில் அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் மீதான பாதுகாப்பு விசாரணை தொடங்கியது. செப்டம்பர் 23 அன்று படகில் கம்பியில்லாத் தந்தி இயக்கிய குபோயாமா இறந்தார். நவம்பர் 3 அன்று காட்ஸில்லா திரைக்கு வந்தது.

அந்தப் படத்துக்கு இசையமைத்த இஃபுகுபே அகிரா, போர்க்காலத்தில் மரங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கதிர்வீச்சு பட்டு உடல் கெட்டவர். காட்ஸில்லாவின் உறுமலுக்கு எந்த மிருகத்தின் குரலும் சரிப்படவில்லை. டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்தார்கள். அந்தச் சத்தம்தான் அது.

அதே ஆண்டு ஜப்பானில் ‘உதகோயே’ என்னும் கூட்டாகப் பாடும் இயக்கத்தில் ‘கென்பாகு ஓ யுருசுமாஜி’ என்ற பாட்டு பிறந்தது. அணுகுண்டை அனுமதியோம் என்று பொருள். தணிக்கை போயிருந்தது, தலைப்பிலேயே குண்டு. பினாங்கு நண்பர் கேட்டது சரிதான்.

ஆகஸ்ட் 12, காலை 9.00

திருத்தம்: ‘கென்பாகு’ அல்ல, ‘கெம்பாகு’ என்றே ஒலிக்கும். நான்கு மணிக்கு எழுதினால் இப்படித்தான்.

ஆகஸ்ட் 13, இரவு 9.15

“எண்பதுகளைத் தொடுங்கள்” என்கிறார்கள். தொட்டுவிட்டு ஓடிவிடுகிறேன், அந்தக் காலத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்.

1984இல் எங்கள் ஊர் பேருந்து நிலையம் எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஆங்கிலப் பாட்டு வேண்டுமென்றால் கடைக்காரரே தேர்ந்தெடுப்பார். நாம் தலையிடக் கூடாது. அட்டையில் பச்சை மையால் அவர் எழுதியது: “நேனா. பலூன் பாட்டு. டான்ஸ்.” பத்து வருடம் அதைப் பிறந்தநாள் பாட்டு என்றே நம்பினேன். பறக்கும் பலூன்களை வேற்றுக்கிரக விமானம் என்று ராணுவம் தவறாக எண்ணிப் போர் மூண்டு ஊரே அழிகிற கதை என்று பிறகுதான் தெரிந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு. நேனாவின் அந்த ஜெர்மன் பாட்டு வந்தது 1983 தொடக்கத்தில். அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டின. பெட்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பவில்லை. மேகத்தில் பட்ட சூரிய ஒளிதான் கருவியை ஏமாற்றியிருந்தது. நாங்கள் அதற்கு மறுவருடம் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டோம்.

ஆகஸ்ட் 15, காலை 10.30

இன்றைய தேதிக்கு ஒரு கதை. ஆர்.சி. சக்சஷன் ஜப்பானிய ராக் குழு, பாடகர் இமாவானோ கியோஷிரோ. 1988இல் பழைய ஆங்கிலப் பாடல்களின் மெட்டுக்கு அணு உலை எதிர்ப்பு வரிகள் போட்டு ஒரு தொகுப்பு செய்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று வெளியிடத் திட்டம். வெளியிட வேண்டிய கம்பெனி தோஷிபா ஈ.எம்.ஐ. தோஷிபா அணு உலை கட்டுகிற குடும்பம். ஜூன் மாதம் நாளிதழில் கம்பெனியின் விளம்பரம் வந்தது: மிக அற்புதமாக இருப்பதால் வெளியிட இயலவில்லை.

இதைவிட மரியாதையான மறுப்பு உலகத்தில் உண்டா? என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைகள் எதுவும் இப்படி எழுதியதில்லை.

வேறொரு கம்பெனி ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்டது. விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கியோஷிரோ 2009 மே மாதம் காலமானார். ஃபுகுஷிமாவில் 2011இல் வெடித்த உலைகளில் மூன்றாம் எண் உலையைக் கட்டியது தோஷிபா.

ஆகஸ்ட் 15, காலை 10.50

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழு பற்றிக் கேட்டவருக்கு: 1975இல் ‘ரேடியோ ஆக்டிவிட்டி’ என்று வானொலி, கதிரியக்கம் இரண்டையும் வைத்துச் சிலேடை ஆடினார்கள், ஆதரவா எதிர்ப்பா என்று பிடிகொடுக்காமல். 1991இல் மறுபதிவு செய்தபோது “நிறுத்து” என்ற சொல்லைச் சேர்த்தார்கள், செர்னோபில் பெயரையும். தன் பாட்டையே திருத்தத் தெரிந்தவர்கள். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் டிக், டிக் ஒலியை நான் கேட்பதில்லை. ஆகஸ்ட் 5 குறிப்பைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஆகஸ்ட் 18, இரவு 10.10

இழையைத் தொடங்கியவர் பதினைந்து நாளாகப் பொறுமையாக இருந்துவிட்டு இன்று திருப்பி அடித்திருக்கிறார். “எல்லாரையும் சொன்னீர்கள், டிலன் மட்டும் குண்டைப் பற்றிப் பாடவில்லையா?”

பாடினார். ‘ஹார்ட் ரெய்ன்’ அணு மழை அல்ல, வெறும் கடும் மழை என்று 1963இல் ஸ்டட்ஸ் டெர்க்கலுக்கு அளித்த வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். அதில் வரும் நச்சுக் குளிகைகள் வானொலியும் செய்தித்தாளும் சொல்லும் பொய்கள் என்றும் விளக்கினார். ஆனால் அதே 1962இல் அவர் பதிவு செய்த வேறொரு பாட்டு நேரடியானது. பதுங்குகுழி தோண்டி மண்ணுக்குள் போய்ச் சாக மாட்டேன், நின்ற இடத்தில் சாகிறேன் என்பது. தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவு முறையாக வெளிவர 1991 ஆகிவிட்டது. குண்டுப் பாட்டு அல்லாததைக் குண்டுப் பாட்டு என்று அறுபது ஆண்டு கொண்டாடினோம், உண்மையான குண்டுப் பாட்டு பெட்டிக்குள் கிடந்தது.

முதல் நாள் நான் உங்களைக் கிண்டல் செய்ததில் தேதி சரி, தொனி தப்பு.

அக்டோபர் 2, மாலை 7.00

இழை தூங்கிவிட்டது என்று தெரியும். ஒரு பாக்கி இருக்கிறது. கோவை நண்பர், தட்டின் முதல் பக்கத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டார்.

முள் மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, மாமாவின் வட்டக்கட்டையைச் செருகி, இன்று போட்டேன். கிட்டத்தட்ட அறுபது வருடம் எங்கள் வீட்டில் இருந்த பாட்டு. நான் முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. கீறலே இல்லை. வெண்ணெய்போல் ஓடியது, தள்ளாட்டம் மட்டும் அப்படியே. ஒருத்தி அவனுடைய தேநீருக்குச் சர்க்கரை போடுகிறாள், இன்னொருத்தி ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறாள், இருவர் பணம் கொண்டுவருகிறார்கள்.

மனைவி அடுக்களையிலிருந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டாள். என்ன பாட்டு என்றாள். சொன்னேன்.

“ஊரே எரிந்துபோன மறுநாள் காலையிலும் டீ போடுவது நாங்கள்தானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோவை நண்பரே, பதிவை அனுப்பிவிட்டேன். கடைசியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் அது தட்டில் உள்ளது அல்ல.